கணக்கில் வராத ஞாயிறுகள்

லூர்துசெல்விக்குக் கறி என்றாலே ஆகாது. கோழியோ ஆடோ, கொதிக்கிற வாசனை மூக்கில் ஏறினால் போதும், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போய்விடுவாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கிறிஸ்துமஸ் அன்றுகூட அவளுக்கு மட்டும் தனியாக உருளைக்கிழங்கு வறுவல். இப்படிப்பட்டவள் ஒவ்வொரு வருடமும் விபூதிப் புதனன்று நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு, பாஸ்கா என்கிற ஈஸ்டர் வரைக்கும் கறி தொட மாட்டேன் என்று ஆண்டவருக்கு ஒப்புக்கொடுப்பாள். ஆண்டவரும் பெரிய மனது பண்ணி ஏற்றுக்கொள்கிறார் என்றுதான் வெகுகாலம் நம்பினாள். தையல்நாயகி என்று ஒருத்தி ரயிலில் ஏறாமல் இருந்திருந்தால் கடைசி வரைக்கும் நம்பிக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பாள்.

லூர்துசெல்வியின் அப்பா சவுரிராயன் விழுப்புரத்தில் மின்வாரிய லைன்மேன். ஒரு மழைக்காலத்தில் கம்பத்தில் ஏறியவர் உயிரோடு இறங்கவில்லை. வாரிசு வேலை மூத்த பெண்ணுக்குக் கிடைத்தது, அதுவும் திண்டிவனத்தில். அம்மாவைத் தனியாக விட முடியாது, தம்பி வளன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். ஆகவே தினமும் காலை விழுப்புரத்திலிருந்து பாசஞ்சர், சாயங்காலம் திண்டிவனத்திலிருந்து பாசஞ்சர். தம்பி படித்து முடிக்கட்டும், அப்புறம் கல்யாணம் என்றார்கள். தம்பி படித்தான், வேலைக்குப் போனான், கல்யாணமும் பண்ணிக்கொண்டான். அக்காளுக்கு என்ற பேச்சு வரும்போதெல்லாம் வீட்டில் யாராவது எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார்கள். அதைப் பற்றி அவள் யாரிடமும் முறையிட்டதில்லை.

1993-இல், வேலைக்குச் சேர்ந்த புதிதில், விபூதிப் புதனன்று விடியல் பூசை முடித்து ஓட்டமும் நடையுமாக வண்டி பிடித்தாள். நெற்றியில் சாம்பல் சிலுவை அப்படியே இருந்தது. விக்கிரவாண்டியில் ஏறிய ஒரு பெண், அவளைவிட இரண்டு மூன்று வயது மூத்தவள், எதிரில் நின்றபடி உற்றுப் பார்த்தாள்.

"இன்னாங்க, நெத்தியில கரி ஒட்டிக்கினு இருக்குது. தொடச்சிக்கங்க."

"கரி இல்லீங்க. சாம்பல். இன்னைக்கு எங்களுக்கு விபூதிப் புதன்."

"எதுக்கு பூசறாங்க?"

"நீ மண்ணு, மண்ணாத்தான் போவேன்னு ஞாபகப்படுத்தறதுக்கு."

"அத ஞாபகப்படுத்த வருசத்துல ஒரு நாளு போதுமா? எங்க ஸ்கூல் எச்செம்மு தெனத்துக்கும் ஞாபகப்படுத்தறாங்க." சொல்லிவிட்டு அந்தப் பெண் சிரித்தாள். லூர்துசெல்வி தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தாள். அப்படித்தான் ஆரம்பித்தது.

அவள்தான் தையல்நாயகி. திண்டிவனத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் அறிவியல் டீச்சர். கணவர் வேங்கடேசன் விக்கிரவாண்டிப் பக்கம் சொந்த நிலத்தில் கரும்பு போடுகிறவர். பானுப்ரியா என்று ஒரு சின்னப் பெண். தையல்நாயகி எந்தக் கட்சியும் இல்லை, கறுப்புச் சட்டையும் இல்லை. பிள்ளைகளுக்குத் தவளையை அறுத்து இதயத்தைக் காட்டுகிறவள், கண்ணில் காட்ட முடியாத எதையும் நம்பமாட்டாள், அவ்வளவுதான். மாமியார் கிருத்திகை விரதம் இருந்தால் மாமியாரைக் கேள்வி கேட்பாள். மாமியார் முறைத்துவிட்டால் ரயிலேறி வந்து லூர்துசெல்வியைக் கேட்பாள்.

மறுநாளிலிருந்து லூர்துசெல்வி விழுப்புரத்திலேயே பக்கத்து இடத்தில் சாப்பாட்டுப் பையை வைத்துவிடுவாள். முண்டியம்பாக்கத்தில் சர்க்கரை ஆலைக் கூட்டம் ஏறும். பையைப் பார்த்து, "இங்க யாராச்சும் வர்றாங்களா?" என்று கேட்பார்கள். "விக்கிரவாண்டியில ஏறுவாங்க" என்பாள் லூர்துசெல்வி. சிலர் முணுமுணுப்பார்கள். ஒருத்தி ஒருநாள் பையைத் தூக்கிக் கீழேயே வைத்துவிட்டாள். சண்டையே போட்டறியாத லூர்துசெல்வி அன்று போட்ட சண்டையில் பெட்டியே எழுந்து நின்றது.

விக்கிரவாண்டியிலிருந்து திண்டிவனம் முக்கால் மணி நேரம்கூட இருக்காது. பேரணியில் அவித்த மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, வாங்குவார்கள். மயிலம் வருவதற்குள் தையல்நாயகி ஒரு கேள்வியாவது கேட்டிருப்பாள். 'வாங்க போங்க' எப்போது 'வாடி போடி' ஆனது என்று இருவருக்குமே தெரியாது.

"ஏன்டி, தவக்காலம் நாப்பது நாளுன்னு சொல்றியே. நான் காலண்டர வச்சி எண்ணிப் பாத்தேன், நாப்பத்தாறு வருது. உங்க சாமியாருங்களுக்குக் கணக்கே வராதா?"

"ஞாயித்துக்கெழம கணக்குல வராதுடி. அது ஆண்டவர் உயிர்த்த நாளு. அன்னைக்கி நோம்பு கெடையாது. ஆறு ஞாயிற எடுத்துட்டா நாப்பது."

"அப்ப ஞாயித்துக்கெழமன்னா லீவு? நல்ல ஆண்டவருடி. எங்க எச்செம்முக்கு இந்தப் புத்தி இல்ல பாரு, ஞாயித்துக்கெழமயும் ஸ்பெஷல் கிளாஸ் வைக்கிறாங்க."

லூர்துசெல்விக்குக் கோபம் வரவேண்டும். வராது. வீட்டில் அவளை யாரும் எதுவும் கேட்டதில்லை. நீ என்ன நினைக்கிறாய், ஏன் அப்படி நினைக்கிறாய் என்று உலகத்தில் அவளைக் கேட்ட ஒரே ஆள் தையல்நாயகிதான். பதில் தெரியாதபோது சாமியாரிடம் கேட்டுக்கொண்டு வந்து மறுநாள் சொல்வாள். அதற்கும் ஒரு கேள்வி தயாராக இருக்கும். இப்படியே எட்டு வருடம் போயிற்று.

2001-இல் விபூதிப் புதனுக்கு முந்தின நாள். சாயங்கால வண்டி. தையல்நாயகி மல்லாட்டையை உரித்துக்கொண்டே கேட்டாள்.

"நாளைலேருந்து கறி கெடையாதா?"

"ஆமா."

"உனக்குதான் கறியே ஆவாதேடி! புடிக்காதத வுட்டுட்டு அத ஒறுத்தல்னு ஆண்டவர்கிட்ட நீட்டறியே, அவரு இன்னா ஏமாளியா? எனக்குப் பாவக்கா புடிக்காது. நானும் நாப்பது நாளு வுட்டுர்றேன். எனக்கு இன்னா குடுப்பாரு, கேட்டுச் சொல்லு."

சுற்றியிருந்த பெண்களெல்லாம் சிரித்தார்கள். லூர்துசெல்வியும் சிரித்தாள். முகம் மட்டும் சூடாகிவிட்டது.

"வுடறதுன்னா உனக்கு உசுரா இருக்கறத வுடணும்டி. அத வுட்டுப் பாரு, அப்பதான் நான் ஒத்துக்குவேன்." விக்கிரவாண்டி வந்துவிட்டது. தையல்நாயகி மல்லாட்டைத் தோலைத் தட்டிவிட்டு இறங்கினாள். சொன்னதை அவள் வீட்டு வாசல் போவதற்குள் மறந்திருப்பாள்.

லூர்துசெல்வி மறக்கவில்லை. மறுநாள் விடியல் பூசையில் முழங்காலில் இருந்தபடி, எனக்கு உயிராக இருப்பது எது என்று தன்னையே துருவிப் பார்த்தாள். காப்பியா? ஒருநாள் இல்லாவிட்டால் தலைவலி வரும், அவ்வளவுதான். பூவா? ரேடியோவா? ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனால் கடைசியில் மிஞ்சியது அந்த முக்கால் மணி நேரம். பக்கத்து இடத்தில் உட்கார்ந்து மல்லாட்டை உரிக்கிற அந்தப் பெண். அது தெரிந்த உடனே மறுபடியும் காப்பிக்கே திரும்பிப் போய்ப் பார்த்தாள். அப்படித் தப்பிக்கப் பார்த்ததால்தான் இதுவே சரியான ஒறுத்தல் என்று நிச்சயப்படுத்திக்கொண்டாள்.

டோமினிக் சாமியார் அன்று பிரசங்கத்தில், செய்கிற ஒறுத்தலை ஊருக்குத் தமுக்கடிக்காதீர்கள், வெளியே சொன்னால் அதன் பலன் சொன்னதோடு தீர்ந்துபோகும், ஆண்டவருக்கும் உங்களுக்கும் மட்டும் தெரிந்தால் போதும் என்றார். அந்த வருடம் மட்டுமா சொன்னார்? வருடா வருடம் அன்றைக்கு அதைத்தான் சொல்வார்கள். கேட்ட முந்நூறு பேரும் கறியையும் பீடியையும் சினிமாவையும் நினைத்துக்கொண்டு தலையாட்டினார்கள். ஒருத்தி மட்டும் ஒரு மனுஷியை நினைத்துக்கொண்டு தலையாட்டினாள். பாஸ்கா வரைக்கும் தையல்நாயகியோடு பேசுவதில்லை. ஏன் என்று அவளிடமும் சொல்வதில்லை. கறிக்கும் மனுஷிக்கும் வித்தியாசம் தெரியாத பக்தியை என்னவென்று சொல்வது! பக்கத்தில் யாராவது இருந்து தலையில் ஒரு குட்டு வைத்திருக்கலாம். குட்டுகிற ஒரே ஆளைத்தான் அவள் ஒப்புக்கொடுத்துவிட்டாளே.

அன்றைக்கே பெண்கள் பெட்டியை விட்டுக் கடைசிப் பெட்டியில் ஏறினாள். விக்கிரவாண்டியில் வண்டி நின்றபோது தலையைக் குனிந்துகொண்டாள். தையல்நாயகிக்கு இடம் பிடித்து வைக்க யாருமில்லை. எட்டு வருடத்தில் முதல்முறையாக அவள் கதவோரம் நின்றுகொண்டு வந்தாள்.

முதல் வாரம் திண்டிவனம் பிளாட்பாரத்தில் தையல்நாயகி ஓடிவந்து முந்தானையைப் பிடித்தாள்.

"இன்னாடி, கண்ணுலயே பட மாட்டேங்கற? கோவமா? கறி மேட்டரா? சும்மா கலாய்ச்சேன்டி."

"கோவமெல்லாம் ஒண்ணுமில்ல. ஆபீசுல வேல." முந்தானையை விடுவித்துக்கொண்டு லூர்துசெல்வி வேகமாக நடந்தாள். படியேறும்போது கண்ணீர் முட்டியது. இயேசுவே, இது உமக்கு என்றாள்.

இரண்டாம் வாரம் தையல்நாயகி கடைசிப் பெட்டிவரைக்கும் தேடிக்கொண்டு வந்தாள். லூர்துசெல்வி நடுப்பெட்டிக்கு மாறிக்கொண்டாள். அப்புறம் அவள் தேடவில்லை. கூட்டத்துக்கு நடுவே கம்பியைப் பிடித்தபடி நிற்பதை லூர்துசெல்வி தூரத்திலிருந்து பார்ப்பாள். எப்போதும் இடது தோளில் மாட்டுகிற கைப்பையை வலது தோளுக்கு மாற்றியிருந்தாள். அதை லூர்துசெல்வி கவனித்தாள். ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. கேட்பதைத்தான் நாற்பது நாளைக்கு விட்டிருந்தாளே.

பங்குனி வெயில் கொளுத்திய ஒரு மதியம் தையல்நாயகி ஆபீசுக்கே வந்துவிட்டாள். பியூன் ராஜாமணி உள்ளே வந்து, "மேடம், ரயில் சிநேகிதி டீச்சர் வந்திருக்காங்க. வாசல் பெஞ்சியில உக்காந்துக்கினு இருக்காங்க" என்றார்.

"ஆடிட் வேல, இப்ப வரமுடியாதுன்னு சொல்லிடுங்கண்ணே."

ராஜாமணி அவளை ஒரு மாதிரி பார்த்தார். ஆடிட் எதுவும் இல்லை என்று அவருக்கும் தெரியும். போய்ச் சொன்னார். திரும்பி வந்து, "பரவால்ல, வெயிட் பண்றேன்றாங்க" என்றார். லூர்துசெல்வி நாற்காலியை விட்டு அசையவில்லை. கைகளை மேசைக்கடியில் கோர்த்துக்கொண்டு செபமாலை மந்திரத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். சாப்பாட்டு நேரம் முடிந்து வெகுநேரம் கழித்து ராஜாமணி எட்டிப் பார்த்து, "போய்ட்டாங்க" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதையில் லூர்துசெல்வி தேம்பித் தேம்பி அழுதாள். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வாழ்க்கையிலேயே முதல்முறையாக ஒரு தவக்காலம் வலித்தது. இத்தனை வருடமும் பிடிக்காத கறியைக் கொடுத்து ஏமாற்றினேன், இப்போதுதான் உண்மையாக ஏதோ கொடுக்கிறேன் என்று அந்த அழுகைக்குள்ளே ஒரு சந்தோஷமும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளையும் அவள் விட்டுவைக்கவில்லை. கணக்கில் வராத நாட்களையும் சேர்த்தே கொடுத்தாள். ஆண்டவர் அதைக் கேட்கவே இல்லை. இவளாகத் தூக்கிக் கொடுத்தாள்.

பாஸ்கா திங்களன்று என்னென்ன பேசவேண்டும் என்றுகூட ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள். "நீதான்டி எனக்குத் தவக்காலம்னா இன்னான்னு கத்துக் குடுத்த" என்று ஆரம்பிக்க வேண்டும். தையல்நாயகி முதலில் முறைப்பாள், அப்புறம் முதுகில் ஒன்று வைப்பாள், அப்புறம் சிரிப்பாள். அப்படித்தான் நினைத்திருந்தாள்.

திங்கள் காலை அதிரசமும் முறுக்கும் கட்டிக்கொண்டு பழைய பெண்கள் பெட்டியில் ஏறி, பக்கத்து இடத்தில் பையை வைத்தாள். முண்டியம்பாக்கத்தில் ஒருத்தி, "யாராச்சும் வர்றாங்களா?" என்றாள். "விக்கிரவாண்டியில ஏறுவாங்க" என்று சத்தமாக, சந்தோஷமாகச் சொன்னாள். விக்கிரவாண்டியில் பூக்காரி ஏறினாள், காய்காரி ஏறினாள். தையல்நாயகி ஏறவில்லை. செவ்வாயும் ஏறவில்லை. புதன்கிழமை லூர்துசெல்வி விக்கிரவாண்டியிலேயே இறங்கி, வழி கேட்டு வீட்டுக்குப் போனாள். எட்டு வருடப் பழக்கத்தில் அந்த வீட்டுக்கு அதுதான் முதல்முறை. மாமியார் கதவைத் திறந்து, "பாண்டிச்சேரியில பெரியாஸ்பத்திரியில படுத்துக்கினு இருக்கறாம்மா. மார்ல கட்டியாம்" என்றாள்.

அதிரசப் பையோடே பாண்டிச்சேரி பஸ் ஏறினாள்.

வார்டில் தையல்நாயகி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். வேங்கடேசன் மருந்து வாங்கப் போயிருந்தார். காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பியவள் அதிரசப் பையைப் பார்த்தாள்.

"வந்துட்டியா. ஆடிட் முடிஞ்சிதா?"

லூர்துசெல்வி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். கறியை, உயிராக இருப்பதை, யாருக்கும் சொல்லக்கூடாது என்ற பிரசங்கத்தை. ஒத்திகை பார்த்த வார்த்தை ஒன்றும் வரவில்லை. சொல்லச் சொல்ல அது எவ்வளவு அசட்டுத்தனம் என்று அவளுக்கே கேட்டது. தையல்நாயகி முதலில் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"நான் உன்ன இன்னாவோ பண்ணிட்டேன்னு நெனச்சிக்கினு இருந்தேன்டி. இன்னா பண்ணேன், இன்னா பண்ணேன்னு யோசிச்சே பேஜாராயிட்டேன்."

"நீ எதுவும் பண்ணலடி."

"மாசி மாசமே கையில தட்டுப்பட்டுச்சி. டீச்சருதான், எனக்குத் தெரியாதா? தெரிஞ்சிதான் பயம். வீட்ல சொன்னா மாமியாரு மந்திரிக்கக் கூட்டிக்கினு போவும். அவரு கரும்பு வெட்டுல இருந்தாரு. நீ கூட வந்தீன்னா ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டிக்கினு வந்துர்லாம்னு நெனச்சேன். நீ ஒண்ணும் பேச மாட்ட, கையப் புடிச்சிக்கினு உக்காந்திருப்ப. அதுக்குதான் அன்னைக்கி ஆபீசுக்கு வந்தேன்."

லூர்துசெல்வி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"உனக்கு உசுரா இருந்தத வுட்டேன்ற. சரி. நான்தான் சொன்னேன், இல்லேன்னல. ஆனா அது உன்னுது மட்டுமா? அதுல பாதி என்னுதுடி. என்னுதத் தூக்கி அவருக்குக் குடுக்கறியே, என்ன ஒரு வார்த்த கேட்டியா?"

கத்திப் பேசவில்லை. ரயிலில் கேட்கிற மாதிரியே, பதில் தெரிந்துகொள்ளக் கேட்கிறவள் மாதிரியே கேட்டாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று லூர்துசெல்வி எழுந்தபோது மூடிய கண்ணோடே சொன்னாள்: "ஞாயித்துக்கெழம கணக்குல வராதுன்னு நீதானடி சொன்ன. ஆறு ஞாயிறு இருந்துச்சே. ஒரு ஞாயிறாவது வந்திருக்கலாம்ல?"

இதற்கு எந்தச் சாமியாரிடம் கேட்டுக்கொண்டு வந்து மறுநாள் சொல்ல முடியும்?

முற்றிப்போய்விட்டது என்ற டாக்டரம்மாவை நடையில் மறித்து லூர்துசெல்வி கேட்டாள், மாசியிலேயே வந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று. "ஆறேழு வாரத்துல பெருசா ஒண்ணும் மாறியிருக்காதும்மா. இது ரொம்ப நாளா இருந்திருக்கு" என்றார் அவர். நிஜமாகவே அப்படித்தானா, அழுகிற பெண்ணைப் பார்த்துச் சொன்னதா என்று லூர்துசெல்விக்குக் கடைசிவரை தெரியவில்லை.

அதன்பிறகு ஒரு ஞாயிறும் தவறவில்லை. பூசை முடிந்த கையோடு பஸ் பிடித்து, ஆஸ்பத்திரியில் இருந்தால் பாண்டிச்சேரிக்கும் வீட்டில் இருந்தால் விக்கிரவாண்டிக்கும் போய்விடுவாள். தலை துடைத்துவிட்டாள், கேப்பைக் கஞ்சி காய்ச்சி ஆற்றிக் கொடுத்தாள், பானுப்ரியாவுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தாள். தையல்நாயகி பழையபடி பேசினாள், பழையபடி கிண்டல் பண்ணினாள். மருந்தில் தலைமுடி கொட்டியபோது, "மொட்ட போட எந்தக் கோயிலுக்கும் போவல, தானா நடந்துடுச்சி பாரு" என்றாள்.

"உனக்காக செபம் பண்ணட்டுமாடி?" என்று ஒருநாள் லூர்துசெல்வி கேட்டாள்.

"பரவால்லியே, இப்பல்லாம் கேட்டுக்கினு பண்ற!" என்று சிரித்தாள் தையல்நாயகி. "பண்ணிக்கோ. எனக்குக் கேக்காம மெதுவா பண்ணு."

அந்தத் தவக்காலப் பேச்சை மட்டும் அதற்கு மேல் அவள் எடுக்கவில்லை. குத்திக் காட்டவும் இல்லை, பரவாயில்லை என்று சொல்லவும் இல்லை. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் லூர்துசெல்வி ஒவ்வொரு ஞாயிறும் காத்திருந்தாள். 'போவுது வுடுடி' என்று சொன்னால் போதும், அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு மிச்ச காலத்தை ஓட்டிவிடுவாள். தையல்நாயகிக்கு அது தெரியாமல் இருந்திருக்காது. ஆனால் மனதில் இல்லாததை ஆறுதலுக்காகச் சொல்லிப் பழகியவள் இல்லை அவள். அந்தக் குணத்துக்காகத்தான் லூர்துசெல்வி அவளை அவ்வளவு நேசித்தாள்.

கார்த்திகை மாதம் கடைசியாகப் போனபோது குரல் உள்ளே போயிருந்தது. லூர்துசெல்வி காதை வாயருகே கொண்டுபோக வேண்டியிருந்தது.

"வர்ற தவக்காலத்துல இன்னா வுடப்போற?"

"கறி."

தையல்நாயகிக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நேரமாயிற்று. "அதான் நல்லது. கறியோட நிறுத்திக்க" என்றாள். புதன்கிழமை போய்விட்டாள். வேங்கடேசன் கரும்புக்காட்டு ஓரத்திலேயே எரித்தார்.

நம்பிக்கை போய்விட்டதா என்றால், இல்லை. போயிருந்தால் ஒருவேளை லேசாக இருந்திருக்கும். லூர்துசெல்வி தினமும் செபம் சொன்னாள், ஞாயிறு பூசை தவறவில்லை, ஒவ்வொரு தவக்காலமும் பிடிக்காத கறியை மட்டும் விட்டாள். ஒவ்வொரு தவக்காலமும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் அதே கதையைச் சொன்னாள். முதல் வருடம் டோமினிக் சாமியார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இது பாவமில்லையேம்மா. நல்ல எண்ணத்துல செஞ்சது. நடந்தது உன் கையில இல்ல" என்றார். அவர் மாற்றலாகிப் போனபின் வந்தவரும் அதையே சொன்னார். தம்பி மனைவியின் ஊர் முகையூர். அங்கே போகும்போதெல்லாம் அந்தக் கோயில் சாமியாரிடமும் சொல்லிப் பார்த்தாள். மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே என்றார். எல்லோரும் நல்லவர்கள். பாவம் என்றால் மன்னிப்பு உண்டு, பாவமே இல்லை என்றால் எதற்கு மன்னிப்பு? மற்றவர்களெல்லாம் செய்த பாவத்தை மறைக்கப் பார்ப்பார்கள். இவள் பாவம் என்று ஒத்துக்கொள்ளுங்கள் என்று ஊர் ஊராகக் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

பதினோரு வருடம் கழிந்தது. அம்மா கண்மூடினாள். லூர்துசெல்விக்கு நரை விழுந்தது, செல்போன் வந்தது, பழைய பாசஞ்சரும் மாறி அகலப்பாதை வண்டி ஓடியது. பானுப்ரியா படித்து முடித்து, அம்மாவைப் போலவே டீச்சர் ஆனாள். 2012 தவக்காலத்தில் தியானப் பிரசங்கத்துக்கு டோமினிக் சாமியார் விழுப்புரத்துக்கு வந்தார். தடி ஊன்றி நடந்தார். பாவசங்கீர்த்தனம் கேட்க உட்கார்ந்தபோது வரிசை வாசல்வரை நின்றது.

லூர்துசெல்வி கம்பி வலைக்கு இந்தப்பக்கம் முழங்காலிட்டு, சொன்னதையே சொல்ல ஆரம்பித்தாள். பாதியிலேயே அவர், "ரயிலு, டீச்சரு... நீயாம்மா?" என்றார்.

"நான்தான் சாமி."

"இன்னமுமா சொமந்துக்கினு இருக்கற?"

கிழவர் கொஞ்சநேரம் மூச்சு வாங்கினார். பிறகு, "அன்னைக்கி நான் சொன்னது தப்பும்மா. பாவம்தான். ஒரு மனுஷிய பொருளு மாதிரி எடுத்துக் குடுத்த. அந்தப் பிரசங்கம் வச்ச எனக்கும் அதுல பங்கு இருக்குது. நான் ஆண்டவர்கிட்ட கேட்டுக்கறேன், நீயும் கேட்டுக்க" என்றார். கையை உயர்த்திப் பாவமன்னிப்பு மந்திரத்தை நிதானமாக, ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். "போயிட்டு வாம்மா. மன்னிச்சாச்சி."

இத்தனை வருடம் கேட்டுக் கேட்டு அலைந்தது கிடைத்துவிட்டது. லூர்துசெல்வி எழுந்திருக்கவில்லை.

"சாமி."

"சொல்லும்மா."

"ஆண்டவரு மன்னிச்சிட்டாரு. நம்பறேன். ஆனா அவரு அவரு பங்கத்தான மன்னிக்க முடியும்? அதுல பாதி தையலோடது சாமி. அந்தப் பாதிய நான் யாருகிட்டப் போய் கேக்கறது?"

கேட்ட பிறகுதான் அது யார் கேட்கிற மாதிரி இருக்கிறது என்று அவளுக்கே தெரிந்தது. வலைக்கு அந்தப்பக்கம் கிழவர் இருமினார், தடியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் அசைய ஆரம்பித்தார்கள்.

அவள் எழுந்து வந்து ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, மந்திரம் சொல்லத் தொடங்கினாள். கோயிலில் கூட்டம் ஏறிக்கொண்டே இருந்தது. கைக்குழந்தையோடு ஒரு பெண் பெஞ்சருகே வந்து தயங்கினாள்.

"இங்க யாராச்சும் வர்றாங்களாக்கா?"

அப்போதுதான் பார்த்தாள். உட்காரும்போதே பையைப் பக்கத்து இடத்தில் வைத்திருந்தாள்.

"வரலம்மா" என்று பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள் லூர்துசெல்வி. "உக்காரு."